தாத்தாவின் துப்பாக்கி: குழலை மாற்றலாமா, புதிதாக வாங்கலாமா?

ஒரு ரைஃபிளில் முதலில் வயதாவது அதன் குழலுக்குத்தான். மரக்கட்டையில் கீறல் விழுந்தால் பாலிஷ் போடலாம். ஸ்பிரிங் தளர்ந்தால் வேறு போடலாம். ஆனால், குழலின் உள்ளே திருகு திருகாக வெட்டியிருக்கும் வரிகள் தேய்ந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தோட்டாவைச் சுழலவைத்து நேராக அனுப்புபவை அந்த வரிகள்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் மருந்து எரிந்து எழும் சூடான வாயு, தோட்டா புறப்படும் இடத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் குறி தவற ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களிடையே இது ஓயாத விவாதம். பழைய ரைஃபிளுக்குப் புதுக் குழல் போடுவதா, கம்பெனியில் செய்த புது ரைஃபிளே வாங்குவதா? குழலின் விலையோடு பொருத்துபவரின் கூலியையும் சேர்த்தால், பல நேரம் ஒரு சாதாரணப் புது ரைஃபிளின் விலை வந்துவிடும். அதனால் 'புதுசே வாங்கு' என்பது ஒரு கட்சி. 'கைக்குப் பழகிய துப்பாக்கி, கட்டையும் விசையும் நல்ல நிலையில் இருக்கின்றன, குழலை மட்டும் மாற்று' என்பது இன்னொரு கட்சி. போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுவதா, புது மோட்டார் வாங்குவதா என்று நம் ஊரில் நடக்கும் பேச்சுபோலத்தான்.

விழுப்புரம் மாவட்டம் அனந்தபுரம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திலும் இந்தப் பேச்சு எழுந்தது. தாத்தா இறந்துபோனார். அவர் பெயரில் லைசென்ஸோடு ஒரு .315 ரைஃபிள் இருந்தது. மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது.

இந்த .315 என்ற அளவுக்கே ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவம் பயன்படுத்தியது .303. ராணுவத் தோட்டா திருட்டுப்போய்ப் பொதுமக்கள் துப்பாக்கியில் ஏறிவிடக் கூடாது என்பதால், மற்றவர்களுக்கு வேறு அளவைக் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் இஷாப்பூரில் அந்த அளவிலேயே ரைஃபிள் செய்தார்கள்.

தாத்தா காரியம் முடிந்ததும் மகன் செய்த முதல் வேலை, ரைஃபிளை லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்ததுதான். அது சட்டம். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 'அப்பாவோட பொருள்தானே, பீரோவில் இருக்கட்டும்' என்று வைத்திருப்பது குற்றம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

கடைக்காரர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே புள்ளிப் புள்ளியாகத் துரு.

இது தேய்மானம் அல்ல. தாத்தா ஆயுள் முழுக்கச் சுட்டது நூறு தோட்டாகூட இருக்காது. ஆயிரக்கணக்கில் சுட்டால்தான் இந்த வகைக் குழல் தேயும். ஆனால், பழைய காலத் தோட்டாக்களின் அடியில் இருக்கும் பற்றவைக்கும் மருந்து, வெடித்தபின் உப்பு போன்ற படிவை விட்டுச்செல்லும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். எண்ணெயை மட்டும் போட்டால் உப்பு போகாது. வேட்டைத் துப்பாக்கிகளில் பல, சுட்டுத் தேய்ந்ததைவிட சும்மா இருந்து துருப்பிடித்தவைதான்.

சென்னையில் வேலை பார்க்கும் பேரன் யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்தான்.

"குழலை மட்டும் மாத்திக்கலாம்ப்பா. இல்லன்னா, புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம்."

"வாங்கி எதைச் சுடுவ?" என்றார் அப்பா.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குமுன் அனுமதிச் சீட்டு வாங்கி வேட்டைக்குப் போனவர்கள் உண்டு. இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை.

'காட்டுப்பன்றி வந்து மணிலாக்கொட்டையைத் தோண்டிப் போடுகிறதே, அதையாவது சுடலாமா?' என்று செஞ்சி, பக்கமலைப் பக்கத்து விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு ராத்திரியில் ஒரு போகத்தின் உழைப்பு போய்விடும். 2025-ல் தமிழக அரசு இதற்கு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் சுட வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் துப்பாக்கியை எடுக்க முடியாது.

சரி, குழலையாவது மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் யூடியூபில் காட்டுவதுபோல அல்ல. ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிதான். அதை ஆன்லைனில் வாங்கிப் பட்டறையில் மாட்ட முடியாது. பழுது பார்ப்பவருக்கே தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதும், ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் குற்றம். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ தரப்படும் வரியில்லாக் குழல் துப்பாக்கிக்குக் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றுகூடச் சட்டம் அளந்து வைத்திருக்கிறது.

தொழில்நுட்பத்திலும் ஆபத்து உண்டு. தோட்டா உட்காரும் இடத்துக்கும் பின்னால் அதைத் தாங்கும் பூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி துல்லியமாக இருக்க வேண்டும். அது கூடிப்போனால் தோட்டாவின் உறை கிழிந்து, வாயு சுடுபவரின் முகத்தில் அடிக்கும். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கைவைக்கும் வேலை அல்ல இது.

வாரிசுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் சட்டப்படியான வாரிசு அந்தத் துப்பாக்கிக்குத் தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 வருடத்துக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம்.

பேரன் கடைசியாக ஒரு வாதம் வைத்தான். "நினைவுக்காக வெச்சுக்கலாமேப்பா."

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-ல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. இன்று அது பொக்கிஷம். அதற்குப் புதுக் குழல் போட்டு மினுக்கி வைக்க யாருக்கும் மனசு வராது. நினைவுக்காக வைப்பதென்றால் துருவோடுதான் வைக்க வேண்டும். துருவை நீக்கிச் சுடத் தயாராக்கினால், சுடுவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

பேச்சை முடித்துவைத்தது ஆயாதான். "எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போவாரு. முடிஞ்சா திரும்பத் தூக்கிட்டு வருவாரு. இத்தன வருசத்துல அது பன்னியப் பாத்ததவிட போலீஸப் பாத்ததுதான் அதிகம். சின்னப் புள்ளைங்க ஓடியாடுற வீட்டுல அது எதுக்குடா?"

கடைக்காரர் மூலமாகவே விற்றுவிடுவது என்று முடிவானது. பேரனுக்கு வருத்தம்தான். துப்பாக்கி சுடுவதில் உண்மையான ஆசை இருந்தால் ரைஃபிள் கிளப்பில் சேரட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அங்கே பயிற்சியும் உண்டு, சுடுவதற்கு இலக்கும் உண்டு.

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ இப்படி ஒன்று இருந்தால் விலையை விசாரிப்பது அப்புறம். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, அவர் இருக்கிறாரா, தேதி முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் உடனே ஒப்படைத்துவிட்டு, கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். குழலா, புதுசா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.