தொட முடியாத இருபது ரூபாய்

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். நான் பி.காம். டெபிட், கிரெடிட்டைத் தாண்டினால் எனக்குக் கணக்கு வராது என்பது கந்தர்வக்கோட்டையில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்!

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்தான்.

"மாமா, ஒரு விகிதமுறு சார்பு அமைக்கணும். வளைகோடு எக்ஸ் அச்சை 6-ல வெட்டணும். எக்ஸ் = 0, ஒய் = 2, இந்த ரெண்டும் தொலைத்தொடுகோடு."

"அப்படின்னா?"

"வளைகோடு கிட்டக் கிட்டப் போகும். ஆனா சேராது."

சம்பளமும் மாசக் கடைசியும் மாதிரி! ஆங்கிலத்தில் இதை 'அசிம்ப்டோட்' என்கிறார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே 'ஒன்றாகச் சேராதது' என்றுதான் அர்த்தமாம்.

பாதியை அவனே போட்டிருந்தான். 6-ல் வெட்ட வேண்டுமானால் அங்கே விடை பூஜ்யமாக வேண்டும். ஆக, மேலே தொகுதியில் 'எக்ஸ் மைனஸ் 6'. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. ஆக, கீழே பகுதியில் வெறும் 'எக்ஸ்'.

"ஒய் = 2 மட்டும் வரலை மாமா."

"எக்ஸுக்கு ஒரு லட்சம் போடுடா. லட்சத்துல ஆறு போனா என்ன குறைஞ்சிடும்? மேலயும் கீழயும் ஏறக்குறைய ஒண்ணு. வகுத்தா 1. உனக்கு வேண்டியது 2. மொத்தத்தையும் ரெண்டால பெருக்கு!"

விடை சரி. பையன் துள்ளினான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. 6-ஐ 600 ஆக்கி, 2-ஐ 20 ஆக்கினால்... அது என் கடை சார்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் முந்திரிப் பருப்பு பாக்கெட் போட்டு விற்றேன். பருப்பு, கவர், கூலி எல்லாம் போக பாக்கெட்டுக்கு 20 ரூபாய் நிற்கும். "இருபது ரூபாய் லாபம்!" என்று தஞ்சாவூர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். வாடகையும் மெஷின் தவணையும் மாசம் 12,000.

அந்த 12,000-ஐ விற்ற பாக்கெட்டுகளால் வகுத்து, 20-லிருந்து கழிக்க வேண்டும். 600 பாக்கெட் விற்றால் லாபம் பூஜ்யம். 1,200 விற்றால் 10 ரூபாய். 12,000 விற்றாலும் 19 தான். நான் ஊரெல்லாம் சொன்ன 20 லாபமே இல்லை, தொலைத்தொடுகோடு!

நான் விற்றது மாசம் 450. மாசத்துக்கு 3,000 நஷ்டம். எட்டு மாசத்தில் 24,000. மனைவியின் செயின் அடகுக்கடைக்குப் போனது அப்படித்தான்.

சாயங்காலம் அத்தான் பாங்க் லோன் பாரத்தோடு வந்தார்.

"மாப்ளே, உன் தொழிலையே பெரிசா பண்ணப்போறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை, புது மெஷின். மாசம் 1,000 பாக்கெட் போனா 20,000 லாபம்!"

"வாடகை, தவணை எவ்வளவு அத்தான்?"

"முப்பதாயிரம் வரும்."

பையனே பென்சிலை எடுத்தான். வளைகோடு அச்சை வெட்டும் இடம் 1,500. "1,000 வித்தா 10,000 நஷ்டம்ப்பா."

அத்தான் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ வேண்டாங்கிறியா?"

"வேண்டாம்னு சொல்லலை அத்தான். 20-ஐ நம்ம இஷ்டத்துக்கு ஏத்த முடியாது, ஜனங்க வாங்க மாட்டாங்க. வெட்டுற இடத்தை இறக்கலாம். வீட்டிலேயே கையால சீல் பண்ணி, செலவை 4,000-க்குள்ள வச்சா 200 பாக்கெட்லயே முதல் தேறிடும். 500 வித்தா 6,000 நிக்கும்."

ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லோன் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காபி கொண்டுவந்த என் மனைவி கேட்டாள்: "இந்தக் கணக்கை மூணு வருஷத்துக்கு முன்னாடியே போட்டிருக்கக் கூடாதாங்க?"

போட்டிருக்கிறேனே! பி.காமில் 'பிரேக் ஈவன்' என்ற பெயரில் இதே கணக்குத்தான். பரீட்சையில் எழுதிப் பாஸும் பண்ணியிருக்கிறேன். இதை எப்படி அவளிடம் சொல்வது?