காலாங் ஆற்றங்கரையிலே

எங்கள் ஒழுங்கையின் ஓரமாக முன்பு ஒரு மண்வாய்க்கால் ஓடிற்று. மாரிகாலத்திலே அது நிரம்பி வழிந்து, இரு மருங்கிலுமுள்ள புற்றரையை நனைத்து, சேறும் நுளம்புமாகக் கிடக்கும். 2019ஆம் ஆண்டில் அதனைச் சீமெந்தினாற் கட்டித்தர வேண்டுமென்று ஊரவர் கையொப்பமிட்டு ஒரு மனு அனுப்பினர். மனுவை எழுதியவன் நானே. 'நீர் தேங்காது விரைந்து செல்லும்' என்பதே அதில் நான் எடுத்துக்காட்டிய முதற் காரணம். அவ்வாறே கட்டினார்கள், நீரும் விரைந்துதான் சென்றது. 2020 டிசெம்பரிலே புரெவிப் புயல் மழையாய்க் கொட்டியபோது எங்கள் ஒழுங்கை இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. வாய்க்காலின் தாழ்ந்த கோடியிலிருந்த ஆறு வீடுகளுக்குள்ளே முழங்காலளவு வெள்ளம் நான்கு நாள் நின்றது.

சிங்கப்பூரைப் பற்றி எழுதப் புகுந்தவன் ஊர்க்கதை பேசுவதேன் என்று வாசகர் வினவலாம். சென்ற சித்திரை விடுமுறையில் அந்நகரத்தில் நான் கண்டவற்றுள், வானளாவிய மாடங்களும் கடற்கரை விளக்குகளும் ஒருபுறமிருக்க, மனத்தை விட்டு அகலாதது ஒரு சிற்றாறே. அதனைக் கண்டபோதெல்லாம் அந்த ஆறு வீடுகளும் என் கண்முன் வந்தன.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்று, இப்பொழுது அங்கே பொறியியலாளராகத் தொழில் புரியும் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். பிஷான், அங் மோ கியோ என்னும் இரண்டு குடியிருப்பு நகரங்களுக்கு இடையே 62 ஹெக்டயர் பரப்பில் ஒரு பூங்கா விரிந்து கிடக்கின்றது. அதன் நடுவே காலாங் ஆறு செல்கின்றது. கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் ஓடிக் கடலோரத்தை அடையும் ஆறு அது. நாங்கள் சென்ற வேளையில் முழங்காலளவு நீரே ஓடிக்கொண்டிருந்தது. கற்களின்மேற் சிறுவர்கள் தாவித் திரிந்தனர். ஒரு மூதாட்டி செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுக் கால்களை நீரில் நனைத்தபடி அமர்ந்திருந்தார். கரையிலே கொக்கு ஒன்று இவர்களையெல்லாம் பொருட்படுத்தாது தன் தொழிலிலே கண்ணாயிருந்தது.

"சேர், நான் இஞ்ச வந்த புதிசில இது ஆறில்லை. சீமெந்து வாய்க்கால். வேலி போட்டு, கிட்டப் போகவும் விடமாட்டினம்" என்றார் என் மாணவர்.

அவர் சொன்னது மெய்யே. 2009ஆம் ஆண்டு வரையில் இவ்விடத்தில் 2.7 கிலோமீற்றர் நீளமான கொங்கிறீற்று வாய்க்கால் ஒன்று, அடிமட்டம் வைத்துக் கீறியது போல, நேராகச் சென்றது. அதனை அமைத்தவர்களைப் பழிப்பதும் தகாது. வெள்ளத்தால் அடிக்கடி அல்லலுற்ற நகரம் அது. 1969இலும் 1978இலும் டிசெம்பர் மாத மழைகள் அதனைக் கலக்கின. ஆகவே, விழுந்த மழையைக் கணமும் தாமதியாது கடலுக்குத் துரத்திவிடுவதே அறிவென்று கருதினார்கள். என் மனுவிலிருந்த அறிவும் அதுவேயன்றோ!

2006ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொதுப் பயனீட்டுக் கழகம் தன் வாய்க்கால்களையும் நீர்நிலைகளையும் மக்கள் அணுகி மகிழத்தக்க தூய நீர்நிலைகளாக மாற்றும் திட்டமொன்றைத் தொடங்கியது. அதன்படி இங்கே கொங்கிறீற்றை உடைத்து, ஆற்றை வளைத்து வளைத்து ஓடவிட்டார்கள். 2.7 கிலோமீற்றர் வாய்க்கால் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் ஆறாயிற்று. 2012இல் வேலை நிறைவுற்றது. உடைத்த கொங்கிறீற்றுத் துண்டங்களையும் வீசிவிடவில்லை. அவற்றை அடுக்கிப் பூங்காவிலே ஒரு குன்று எழுப்பியிருக்கிறார்கள். அதன்மேல் ஏறி நின்று பார்த்தால் வளைந்து செல்லும் ஆறு கீழே தெரிகின்றது.

கரை கரையாமல் நிற்பது எப்படி என்பதே எனக்கு வியப்பாயிருந்தது. மண்ணைத் துணிபோன்ற விரிப்புகளிற் சுற்றிப் படிப்படியாக அடுக்குகிறார்கள். கற்களின் இடுக்குகளிலே துளிர்க்கும் தடிகளைச் செருகுகிறார்கள். கம்புகளைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துச் சரிவிலே பதிக்கிறார்கள். தடி வேர்விட, வேர் மண்ணைப் பற்றுகின்றது. ஆண்டு செல்லச் செல்லக் கொங்கிறீற்று நலியும், வேரோ வலுப்பெறும். வெப்பமண்டல நாட்டிலே இம்முறை பலிக்குமோ என்ற ஐயத்தால், முதலில் ஓர் 60 மீற்றர்த் துண்டிலே பத்துவகை உத்திகளைச் செய்துபார்த்த பின்னரே ஆற்றிற் கைவைத்தார்களாம். செய்துபார்த்துச் செய்தல் என்பது எங்கள் ஊரில் அருகிவரும் பழக்கம்.

பழைய வாய்க்காலின் அகலம் 17 முதல் 24 மீற்றர் வரை. இன்று பெருமழை நாளிலே நீர் ஏறக்குறைய 100 மீற்றர் வரை பரந்து செல்லலாம். புற்றரையும் நடைபாதையுமே அப்பொழுது ஆறாகிவிடும். முன்னையதிலும் நூற்றுக்கு 40 பங்களவு கூடுதலான நீரை இவ்வழி தாங்குமென்பர். இவ்வாறு கணக்காகக் கேட்டபோது நான் தலையசைத்தேனேயன்றி முற்றாக நம்பவில்லை.

நம்பவைத்தது அன்று மாலை மழை. நாலு மணியளவில் மேற்கே கறுத்தது. "சேர், இனி மேல ஏறுவம்" என்றார் மாணவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் விளக்குகள் மினுங்கின. அபாயச் சங்கு ஒலித்தது. நீர்மட்டம் உயர்வதை உணர்கருவிகள் அறிந்து எச்சரிக்கின்றனவாம். தாய்மார் பிள்ளைகளைக் கைப்பிடித்து மேட்டுக்கு வந்தனர், எவரும் பதறவில்லை. கால்மணி நேரத்துக்குள் சிறுவர்கள் தாவிய கற்கள் மறைந்தன. பின்னர் மூதாட்டி அமர்ந்திருந்த இடம் மறைந்தது. பின்னர் புல். செந்நிற நீர் சீறிப் பாயாமல், இடங்கண்ட விருந்தாளி போல, அகன்று அகன்று படர்ந்தது. மழை விட்ட பின்னும் நாங்கள் நின்றோம். மின்விளக்குகள் ஏற்றப்படுமுன் புற்றரை மீண்டும் தலைகாட்டிற்று. அருகிலுள்ள வீடுகளில் ஒருவரது வாசற்படியும் நனையவில்லை.

இவ்வாற்றிலே நீர்நாய்களும் குடியேறின. 'பிஷான் பத்து' என்று ஊரார் பெயரிட்டழைத்த பத்து நீர்நாய்கள் கொண்ட குடும்பம் ஒன்று பெரும் புகழ் பெற்றிருந்தது. எங்கள் கண்ணுக்கு அன்று ஒன்றும் தென்படவில்லை.

ஆயினும் செடி நட்டதால் மாத்திரம் ஆறு தெளிந்ததென்று எண்ணுதல் பிழை. 1977ஆம் ஆண்டில் பிரதமர் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் பத்தாண்டுகளிலே துப்புரவாக்க வேண்டுமெனப் பணித்தார். பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோர உணவு வியாபாரிகளுக்குத் தனி அங்காடிகள் கட்டப்பட்டன. சரக்குப் படகுகள் வேறு துறைக்கு அனுப்பப்பட்டன. வீடுகளின் கழிவுநீர் மூடிய குழாய்களுக்குள் திருப்பப்பட்டது. 1987இல் அப்பணி நிறைவெய்தியது. வழிவழியாகச் செய்த தொழிலையும் இடத்தையும் இழந்தவர்கள் பலர். அதனையும் நாம் மறத்தலாகாது. மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி என்ற அந்தப் பிரிவே இன்றைய தெளிவுக்கு அடிப்படை. காலாங் ஆறு சென்று கலக்கும் மரீனா நீர்த்தேக்கத்தின் நீரைச் சுத்திகரித்து நகரத்தார் பருகுகின்றனர்; தெருவில் விழுந்த மழை வீட்டுக் குழாய்க்குத் திரும்புகின்றது. நம்மவரோ குசினித் தண்ணீரையும் வெள்ளவாய்க்காலிலேயே விடுகிறோம். அவ்வாறிருக்க, கரையிலே எத்தனை செடி நட்டாலென்ன?

சிங்கப்பூர் வெள்ளத்தை முற்றாக வென்றுவிட்டதென்றும் கூறேன். 2010இலே அந்நகரின் பெருமைமிகு ஓர்ச்சட் வீதி நீரில் மூழ்கிற்று. நகரின் பெரும்பாலான வாய்க்கால்கள் இன்றும் கொங்கிறீற்றே.

ஊர் திரும்பிய மறுநாள் ஒழுங்கையின் கோடிவரை நடந்தேன். யாழ்ப்பாணத்திலே பேராறு இல்லை; சுண்ணக்கல்லினூடே இறங்கும் மாரி நீர்தான் எங்கள் கிணறுகளுக்கு வாழ்வு. அதற்காகவே முன்னோர் குளமும் கேணியும் வைத்து, தரவையை வெறுமையாக விட்டார்கள். நான் 'சேறு' என்று மனுவில் எழுதிய அந்தப் புற்றரையும் நீர் தங்கிச் செல்ல விட்ட இடமே.

கடைசி வீட்டு ஆச்சி முற்றத்திலே நின்றார். "என்ன மாஸ்ரர், வெளிநாடு போய் வந்தியளாம்?" என்று கேட்டு, கதிரை எடுத்துப் போட்டார். அவர் வீட்டுச் சுவரிலே வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கின்றது. மனுவை எழுதியவன் நானென்று அவருக்குச் சொன்னேன். "தெரியும் ராசா" என்றார்.

இப்பொழுது இரண்டாவது மனு ஒன்று எழுதியிருக்கிறேன். வாய்க்காலின் கடைசி நூறு யார் தூரத்தில் ஒரு பக்கச் சீமெந்தை உடைத்து, நீரை அருகிலுள்ள தரவைக்குப் பரவவிட வேண்டுமென்பது கோரிக்கை. முதற் கையொப்பம் ஆச்சியினுடையது. ஒழுங்கையின் மேட்டுப் பக்கத்தார் சிலர் இன்னும் இடவில்லை. ஆவணியிலே கூட்டம் இருக்கின்றது. மாரி தொடங்க அதன்பின் இரண்டு மாதமே.