அப்பாவின் தக்காளியும் டச்சு அரண்மனையும்

மட்டாஞ்சேரியில் எங்க மாடி வீட்டு சேச்சி ரொம்ப நல்லவங்க. ஆனா நான் ஊரிலிருந்து கொண்டுவர்ற தக்காளியை மட்டும் தொட மாட்டாங்க. "தமிழ்நாட்டு பச்சக்கறியா? விஷமாணு சாரே!" சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க. எனக்குத்தான் சுருக்குன்னு இருக்கும். அது ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கப்பா போட்ட தக்காளி.

அப்பாவிடம் போனில் கேட்டேன். "வெள்ளை ஈ வந்தா இலை சுருண்டு காய் பிடிக்காது. மருந்தடிக்காம உங்க சேச்சியா வந்து ஈ ஓட்டும்?" :-)

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். (நான் பி.காம். தப்பிருந்தா திருத்துங்க.) இலையைச் சுருட்டுவது ஈ பரப்பும் வைரஸ். சில காட்டுத் தக்காளிகளை அது ஒன்றும் செய்வதில்லை. அப்படி ஒன்றோடு நம்ம தக்காளியைக் கலந்து எச்-24 என்ற வகையைக் கொண்டுவந்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள்தான். கல்லூவும் பானர்ஜியும் 1990-ல் எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள எதிர்ப்பு மரபணு டிஒய்-2, 11-வது குரோமோசோமில். இன்னொரு காட்டு இனத்திலிருந்து வந்த டிஒய்-3, 6-வதில்.

வைரஸில் பல ரகம், ஒரு மரபணு எல்லாவற்றுக்கும் தாங்காது. இரண்டும் வேண்டும். ஆனா இரண்டும் உள்ள செடி, ஒன்று மட்டும் உள்ள செடி... வயலில் பார்த்தால் ரெண்டும் பச்சைப்பசேல்! அதுக்குத்தான் மார்க்கர். நாற்றிலேயே துளி இலை கிள்ளி டி.என்.ஏ. பார்த்துவிடுகிறார்கள். மார்க்கர் என்பது பெரும்பாலும் மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளம். கணக்கு தொடங்க வருபவர் முகவரியில் "டச்சு அரண்மனைக்கு எதிரில்" என்று எழுதுவாரே, அதுபோல. எப்போதாவது தலைமுறை மாறும்போது அரண்மனை இங்கே நிற்க, வீடு மட்டும் போய்விடும். அதனால் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடையாளம் வைத்துக்கொள்கிறார்களாம்.

2010-ல் மத்திய அரசு நிறுத்திவைத்த பி.டி. கத்தரி கதை வேறு. இது மகரந்தம் தூவிக் கலப்பதுதான். மார்க்கர் பொறுக்கி எடுக்க மட்டுமே.

பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு ரகம் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"மருந்தே வேண்டாமா?"

"காய்ப்புழுவுக்கு அடிக்கணும்ப்பா. ஈக்கு அடிக்கறதைக் குறைக்கலாம்."

"விதை எடுத்து வச்சுக்கலாமா?"

"முடியாது, ஒவ்வொரு தடவையும் வாங்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி, ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா. கிணத்தடியில நாலு வரிசை போட்டுப் பாக்கறேன். அதை உங்க சேச்சிக்குக் குடு."