சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

என்னுடைய பழைய அம்பாசிடரில் இருப்பது 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் இன்ஜின். போர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி, பேக்கிங் செட்டும் புதிதாகப் போட்டுத்தான் பட்டறையிலிருந்து வந்தது. சத்தமில்லை, இழுவையிலும் குறையில்லை. ஆனால் நிறுத்திய இடத்திலெல்லாம் ஆயில் சொட்டியது. உறவினர் வீட்டு போர்ட்டிகோவில் புது டைல்ஸைப் பார்த்தால் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிடுவேன்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சிறு துளை உண்டு. அதில் ஒரு காட்டர் பின் தொங்கும். சொட்டு விழுந்தது அதன் நுனியிலிருந்து. "பின் சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள் பட்டறையில். அம்பாசிடரிலேயே காலத்தைக் கழித்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "இந்த இன்ஜினுக்குப் பின்னாடி சீலே கிடையாது தம்பி. எதை மாத்துவாங்க?"

உண்மைதான். கிராங்கின் பின்முனையில் மரைபோல ஒரு காடி வெட்டியிருக்கிறது. சுற்றும்போது அது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். தடுப்பு அவ்வளவே. இன்ஜினுக்குள் அழுத்தம் கூடினால் அதை மீறி ஆயில் வெளியே வந்துவிடும்.

அவர் சொன்னபடி, இன்ஜினை மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை எல்லாப் பக்கமும் தூவினேன். ஒரு சுற்று ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெள்ளைப் பூச்சில் ஒரு கருங்கோடு. தொடக்கம் அடியில் இல்லை. மேனிஃபோல்டுக்குக் கீழே, டேப்பெட் பக்க மூடியில். அங்கிருந்து பிளாக்கின் ஓரமாக வழிந்து, ஃபேன் காற்றில் பின்னால் ஓடி, கிளட்ச் ஹவுசிங்கில் சேர்ந்திருந்தது.

அந்தத் தகர மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு போல்ட். கசிகிறதே என்று அதை முறுக்க முறுக்க, நடுப்பகுதி குழிந்து விளிம்பு தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். கழற்றிச் சமதளத்தில் வைத்தால் மூடி ஆடியது. விளிம்பைத் தட்டி நேராக்கி, புது கார்க் பேக்கிங் வைத்து, அளவாக முறுக்கினோம்.

பாதி வேலைதான் முடிந்தது. சொட்டு குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார் பெரியவர். புகை குப்குப்பென்று வந்தது. "மூச்சு முட்டுது" என்றார். பிரீதர் குழாயில் பழைய கசடு இறுகிக் கிடந்தது. இத்தனை வேலை பார்த்தவர்கள் அதைச் சுத்தம் செய்திருக்கவில்லை. புது ரிங் படியும்வரை எரிந்த வாயு கீழே கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும். போக வழியில்லாததால் கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்ததும் காட்டர் பின்னில் ஈரம் மட்டுமே மிஞ்சியது. அந்தக் காடி அமைப்பில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இன்ஜினைக் கழுவுங்கள், பவுடர் தூவுங்கள், கோட்டின் மேல்நுனியைத் தேடுங்கள். ஒரு நேரத்தில் ஓரிடத்தை மட்டும் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது நோய் என்றே தெரியாமல் போகும். எந்த பேக்கிங்கைக் குறை சொல்வதற்கு முன்னும் பிரீதரைப் பாருங்கள்.