குளிராத குளிரூட்டி

மதுரையில் வாழ்வோருக்குக் கத்திரி வெயிலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வைகையின் மணல் வெந்து கிடக்கும் அந்நாட்களில், 40 டிகிரியைத் தொட்ட வெயில் மாலையில் இறங்கிவிட்டாலும், பகலெல்லாம் அதைக் குடித்த மொட்டைமாடித் தளம் நள்ளிரவு வரை அனலை வீட்டுக்குள் உமிழ்ந்துகொண்டேயிருக்கும்.

அத்தகைய ஒரு பிற்பகலில், வில்லாபுரம் பக்கம் நோயாளிகளைச் சந்திக்கச் சென்றிருந்தேன். பஞ்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து மாடியறையில் படுத்திருக்கிறார். தாமாகப் புரண்டு படுக்க இயலாது. தாகம் என்று சொல்லவும் நாக்கு எழாது. வெயில் நாளில் இத்தகையோர் நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. அவருக்காகவே மகனும் மருமகளும் தவணை முறையில் ஏ.சி. ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார்கள். முதல் தவணைக்காக மருமகளின் தோடு அடகுக் கடைக்குப் போயிருந்ததை நான் பின்னரே அறிந்தேன்.

அறைக்குள் நுழைந்தபோது ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. காற்றும் வந்தது. குளிர்ச்சிதான் இல்லை. பெரியவரின் தலையணை வியர்வையில் நனைந்திருந்தது.

"பதினாறுல வச்சும் இப்படித்தான் இருக்கு சாமி" என்றார் மகன்.

எங்கள் பங்கு இல்லத்து ஏ.சி.க்கு முந்திய ஆண்டு கேஸ் அடைத்த அனுபவம் எனக்கு இருந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, "கேஸ் தீர்ந்திருக்கும், ஆள் அழைத்து அடைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இறையியல் பயின்றவன் இயந்திரவியல் பேசியதன் விலையை அந்தக் குடும்பம் கொடுத்தது. யாரோ வந்து கேஸ் அடைத்துப் பணம் பெற்றுச் சென்றார். சில நாள் குளிர்ந்தது. பிறகு பழைய கதையே. மறுமுறையும் அடைத்தார்கள், பயனில்லை. நான் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றபோது அவர்கள் என்மீது ஒரு வார்த்தை குறை கூறவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனத் தொழில் பயின்ற ஓர் இளைஞரை மறுநாள் அழைத்துச் சென்றேன். அவர் வந்ததும் கருவிப் பையைத் திறக்கவில்லை. எப்போதிருந்து இப்படி, நடுவில் நின்று நின்று ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த பெரியவரின் மனைவி அப்போதுதான் வாய் திறந்தார்.

"முன்னயெல்லாம் அந்தக் குழாய்த் தண்ணி ராத்திரியில ஒரு வாளி நெறையும் தம்பி. மல்லிகைச் செடிக்கு அதைத்தான் ஊத்துவேன். இப்ப ஒரு சொம்பு தேறல."

இளைஞர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி வடிவதே அந்தத் தண்ணீர். அது குறைந்தால் காயில் போதிய அளவு குளிரவில்லை என்று பொருள். இரண்டு முறை பணம் வாங்கிச் சென்றவரும் கேட்காத செய்தி, ஆலோசனை சொன்ன நானும் கேட்காத செய்தி, அந்த வாளியில் இருந்தது.

முதலில் உட்பெட்டியின் மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினார். கம்பளித் துண்டு போல் தூசி படிந்திருந்தது. இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுவதை வீட்டிலுள்ள எவரும் செய்யலாம். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும்; சில வேளை காயிலில் பனியே கட்டிவிடும்; அதைப் பார்த்துக் கேஸ் குறைவு என்று மயங்குவோரும் உண்டு. முதல் முறை கேஸ் அடைத்தவர் போகிற போக்கில் ஃபில்டரையும் தட்டிவிட்டுச் சென்றிருக்கிறார். அந்தச் சில நாள் குளிர்ச்சி அதனால் வந்தது போலும்.

உண்மையான குற்றவாளி மொட்டைமாடியில் இருந்தது. செம்புக் குழாயைத் திருடர்கள் அறுத்துப்போவார்கள் என்றும், வெயில் படக்கூடாது என்றும் எண்ணி, மகன் வெளிப்பெட்டியைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் அடித்து, மேலே சாக்கும் போர்த்தியிருந்தார். அன்பினால் செய்ததுதான். ஆனால் ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. மண்பானை நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டைக் கொண்டுபோவது போல, குழாயிலுள்ள திரவம் உட்பெட்டியில் ஆவியாகி வெப்பத்தை ஏற்கும். கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பெட்டிக்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தைக் காற்றில் இறக்கிவிட்டு மீண்டும் திரவமாகும். கொட்ட இடமில்லாமல் கூண்டு கட்டிவிட்டால் எங்கே இறக்கும்? தான் உமிழ்ந்த அனலையே அது திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. சூடு மிகுந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். சற்று ஆறி மீண்டும் எழும். போதாக்குறைக்கு, சென்ற ஆடிக் காற்றின் புழுதி முழுவதும் அதன் தகட்டு இடுக்குகளில் அப்பியிருந்தது.

"கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகுற பொருள் இல்ல ஃபாதர்" என்றார் இளைஞர். "மூடுன குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுக்க அடைக்காம கேஸ் மட்டும் அடைக்கிறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துறதுதான்."

அவர் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். குமிழ் எழவில்லை, ஒழுக்கே இல்லை! நிறைந்த குடத்தில் இருமுறை ஊற்றியிருக்கிறோம். மிகுதியான கேஸும் கேடுதான். தகரத்தைப் பிரித்துத் தகடுகளை நீர் பாய்ச்சிக் கழுவினார். பிறகு கேஸ் முழுவதையும் தனி உருளையில் இறக்கி, பெட்டியின் தகட்டில் குறித்திருந்த எடையளவு மட்டும் நிறுத்து அடைத்தார். அதற்கு முன் கீழே படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியை அணைக்கச் சொன்னார். இக்காலத்து ஏ.சி.க்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 என்னும் கேஸ் தீப்பற்றக் கூடியது.

மின்சார வேலையில் நாம் கைவைக்கலாகாது. வெளிப்பெட்டியிலுள்ள கெபாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உதைக்கும். ஸ்டெபிலைசரில் வோல்ட் எவ்வளவு காட்டுகிறது, ரிமோட்டில் 'கூல்' இருக்கிறதா அல்லது குழந்தை எதையாவது அழுத்தி 'ஃபேன்' ஆக்கிவிட்டதா என்று பார்ப்பதோடு நிற்போம். உள்ளே போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வேறுபாடு இருந்தால் ஏ.சி. நலமாயிருக்கிறது எனலாம். (இதை அளக்க நான் காய்ச்சல் பார்க்கும் கருவியைத் தேடினேன். அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாதாம்.)

பதினாறில் வைத்தால் விரைவில் குளிரும் என்பதும் பெரும்பாலும் மயக்கமே. அந்த எண், எங்கே நிற்க வேண்டும் என்று நாம் இடும் கட்டளை. 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கும் வீட்டு ஏ.சி.க்கள் 24 டிகிரியை இயல்நிலையாகக் கொண்டே வருகின்றன.

ஒரு டன் என்பது பெட்டியின் எடை அன்று. ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கும் அளவு வெப்பத்தை வெளியேற்றும் திறனே அது. அமெரிக்கப் பனிக்கட்டியைக் கப்பலில் கொணர்ந்து சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் சேமித்த 19ஆம் நூற்றாண்டின் நினைவு அச்சொல்லில் ஒட்டியிருக்கிறது. அத்திறனையும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்தே குறிக்கிறார்கள். நம் சித்திரை அந்தக் கணக்குக்கு அடங்காது. ஆகவே மாடித்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டு, மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரை போடச் சொன்னார் இளைஞர்.

இரண்டு முறை வீணான பணத்தில் பாதியையாவது ஏற்கிறேன் என்றேன். மகன் வாங்க மறுத்தார். மருமகள் சற்றே தயங்கிப் பெற்றுக்கொண்டார். எனக்கு அது ஆறுதலாயிருந்தது.

மூன்று நாள் கழித்துப் போனேன். சுண்ணாம்பு அடித்தாயிற்று. பாட்டியம்மா வாளியோடு எதிரே வந்து, "நெறைஞ்சிருச்சு சாமி" என்று காட்டிவிட்டு மல்லிகைச் செடிப் பக்கம் நடந்தார். மேலே பெரியவர், இயங்கும் இடக்கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டிருந்தார்.