ஐந்நூறு ஏக்கரும் ஒரு சுற்றறிக்கையும்

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த காலத்தில், புவியியல் வாத்தியார் போஸ் சமவெளியைப் பிரான்சின் தானியக் களஞ்சியம் என்பார். நமக்குப் பாகூர் மாதிரி என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அதை நேரில் பார்த்தது 2019-ல்தான். ஷார்த்ர் நகரத்துக்குப் பக்கத்தில் என் அக்கா மகன் குடும்பத்தோடு இருக்கிறான்.

அவனுடைய நண்பர் ஒருவர் அங்கே 200 ஹெக்டேரில் ஆர்கானிக் விவசாயம் செய்கிறார். நம் கணக்கில் ஏறக்குறைய 500 ஏக்கர்! "ரசாயனம் போட்டபோது ஹெக்டேருக்கு 70 குவிண்டால் கோதுமை. இப்போது 30தான். ஆனால் விலை இரண்டு மடங்கு, உரச் செலவும் இல்லை" என்றார். அந்தப் பக்கம் மாடுகள் குறைவு. அதனால் மண்ணுக்கு ஊட்டம் கொடுக்க இரண்டு மூன்று வருஷம் குதிரைமசால் போட்டு, அப்புறம்தான் கோதுமை. புதிதாக மாறுகிறவருக்கு முதல் இரண்டு வருஷம் மகசூலும் குறையும், முழு ஆர்கானிக் விலையும் கிடைக்காது. அதைத் தாண்டி வரத்தான் அரசு உதவி.

மாறிய பிறகும் தொடர்ந்து கொடுத்துவந்த பராமரிப்புத் தொகையில், தன் பங்கை நிறுத்துவதாக 2017-லேயே பிரெஞ்சு அரசு அறிவித்துவிட்டது. 2023-ல் ஐரோப்பாவின் புதிய விவசாயக் கொள்கை வந்தது. பிரான்சு போட்ட திட்டத்தில் ஆர்கானிக்காரருக்கு ஹெக்டேருக்கு 110 யூரோ. ரசாயனத்தை முழுக்க விடாமல் சுற்றுச்சூழல் சான்று வாங்கியவருக்கு 80. வித்தியாசம் 30 யூரோதான். அதே நேரம் விலைவாசி ஏறி, ஜனங்கள் ஆர்கானிக் வாங்குவதைக் குறைத்தார்கள்.

பெரிய பண்ணை தாங்கும் என்று நினைத்திருந்தேன். சிறியவர் வாரச்சந்தையில் தானே விற்றுக்கொள்வார். 500 ஏக்கர் விளைச்சலைக் கூட்டுறவுக்குத்தான் போட வேண்டும். அவர்கள் சொன்னதுதான் விலை.

அக்கா மகன் போனில் சொன்னான்: "மாமா, அவர் உங்களைக் கேட்கச் சொன்னார். நீங்க அரசாங்கத்துல இருந்தவராச்சே, இந்தத் திட்டமாவது எத்தனை வருஷம் நிக்கும்?"

எனக்கு ஒரு பழைய முகம் ஞாபகம் வந்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு விவசாயி வருவார். "மானியம் வரும், தைரியமா ஆரம்பிங்க பெரியவரே" என்று சொன்னவன் நான்தான். கடன் வாங்கி வேலையை ஆரம்பித்தார். மார்ச் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது, திட்டம் முடிந்தது. 'நிதி இல்லை, கோப்பு முடிக்கப்படுகிறது' என்று குறிப்பு எழுதியதும் இந்தக் கைதான். "நீங்க சொன்னதை நம்பித்தானே ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா மகனிடம், "எனக்குத் தெரியாதுன்னு சொல்லுப்பா" என்றேன். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.