கோடு பிறழாத பலகை

ஹார்டுவேர் கடையின் மரப்பகுதியில் ஒரு பெரியவர் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் பார்க்கிறார். கூடவே பதினான்கு வயதுப் பேத்தி. ஊர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளிலேயே வளர்கிற சிவப்பு ஓக், எட்டடிப் பலகைகளாக அறுபட்டுச் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. சீட்டில் ‘ஒன்றுக்கு இரண்டு’ என்று போட்டிருந்தாலும், இழைத்து வந்த பிறகு உள்ள அளவு முக்கால் அங்குலத் தடிமனும் ஒன்றரை அங்குல அகலமும்தான். அலமாரி விளிம்புக்கும் படிக்கட்டு ஓரத்துக்கும் வாங்கிப்போகிற சாதாரணச் சரக்கு. அவர் வில் செய்ய வந்திருக்கிறார்.

எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் உடன் வந்திருக்கிறேன். வாய் திறக்கவில்லை. பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரு பலகையை எடுத்ததும் அவர் அகன்ற பக்கத்தில் ரேகைகளைப் பார்க்கிறார். பிறகு பக்கவாட்டில். பிறகு வெட்டுமுனையில். ஒரு நுனியில் தொடங்கிய கோடு மறுநுனிவரை விலகாமல் ஓட வேண்டும். நடுவழியில் கோடு ஓரத்துக்கு ஒதுங்கினால், வில் வளையும்போது அந்த இடத்தில்தான் சிலாம்பு கிளம்பும், அங்கேயே முறியும். கோபுரம் கோபுரமாக ரேகை எழுந்த பலகைகள் பார்வைக்கு அழகாக இருக்கின்றன. அவற்றை முதலில் ஒதுக்குகிறார். முடிச்சு உள்ளவை அடுத்து போகின்றன. ஒதுக்கியதை எல்லாம் பேத்தி பழையபடி அடுக்கி வைக்கிறாள். அடுக்கு முக்கால்வாசி புரண்ட பிறகு ஒரு பலகை அவர் கையில் தங்குகிறது. தலையிலிருந்து கால்வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டுகிறார்.

“நீ சொல்லு.”

அவள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “நேராத்தான் ஓடுது தாத்தா.”

கராஜில் வேலை தொடங்குகிறது. அறுபத்தெட்டு அங்குலத்தில் அறுத்ததும் மிச்சம் இரண்டடிக்கு மேல் விழுகிறது. அந்த மிச்சத்திலிருந்து ஒரு சிறு துண்டை நறுக்கி, ஒரு முனையைக் கிண்ணத்துத் தண்ணீரில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுகிறார். குமிழ்கள் கிளம்புகின்றன. சிவப்பு ஓக்கின் நுண்குழல்கள் அடைபடாமல் திறந்தே இருப்பவை. வெள்ளை ஓக்கில் இப்படி ஊத முடியாது. பேத்தியும் ஊதிப் பார்க்கிறாள். எந்த மரத்தில் வேலை செய்கிறோம் என்பதை அவள் உதடு தெரிந்துகொள்கிறது.

மிச்சத் துண்டில் எட்டு அங்குலம், பிடி தடிப்பதற்காக நடுவில் ஒட்டப்படுகிறது. பசை காய்ந்ததும் பென்சில் கோடுகள் விழுகின்றன. பிடிக்கு இருபுறமும் நீளும் கரங்களில், பிடியிலிருந்து பாதிவரை முழு அகலம். அங்கிருந்து ஒடுங்கி நுனியில் அரை அங்குலம். எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு விரிகிறது, வயிறு நசுங்குகிறது. அதனால் தடிமன் குறைப்பதெல்லாம் வயிற்றுப் பக்கம் மட்டுமே. முதுகில் உளி படக்கூடாது. ஓரக்கூர் மட்டும் மழுங்கடிக்கப்படுகிறது. எய்யப்போவது குழந்தை என்பதால், காப்புக்கு லினன் துணியை முதுகில் ஒட்டுகிறார்.

அலமாரியில் வில் செய்வதைப் பற்றிய ‘டிரடிஷனல் போயர்ஸ் பைபிள்’ நூல் தொகுதிகள் நிற்கின்றன. முதல் தொகுதி வந்தது 1992இல். நல்ல வில்லுக்கு அபூர்வ மரம் வேண்டும் என்ற நம்பிக்கையை அதில் எழுதிய டிம் பேக்கர் போன்றவர்கள் அசைத்தார்கள். 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கில நெடுவிற்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரம். அந்த மரம் குறுகலான, தடித்த வில்லைத் தாங்கும். டென்மார்க்கின் ஹோல்மகோரில் கிடைத்த பல ஆயிரம் ஆண்டு முந்தைய விற்கள் எல்ம் மரத்தில், அகன்ற கரங்களோடு செய்யப்பட்டவை. மரத்தின் குணத்துக்கு ஏற்ப வடிவத்தை மாற்றினால் போதும். அகலமும் நீளமும் கொடுத்தால் சுமை பரந்துவிடும். சூளையில் உலர்த்திய கடைப் பலகைக்கும் அதே விதிதான். பச்சை மரத்தைப் பிளந்து மாதக்கணக்கில் காயவைக்கும் வேலையும் மிச்சம்.

அரம் முரட்டு மரத்தை எடுத்த பிறகு, வில் சுவரில் அறைந்த தாங்கியில் ஏறுகிறது. தளர்ந்த நீள நாண், கீழே ஒரு கப்பி, கப்பி வழியே வரும் கயிறு அவர் கையில். பின்னால் சுவரில் கட்டம் போட்டிருக்கிறது. கயிற்றை மெல்ல இழுக்கிறார். வில் வளைகிறது. வலது கரம் நுனியருகே விறைத்து நிற்கிறது, இடது கரம் பிடிக்குப் பக்கத்தில் கூடுதலாக வளைகிறது.

“எங்க சுரண்டணும்?” என்று கேட்கிறார்.

பேத்தி அதிகம் வளையும் இடத்தைக் காட்டுகிறாள். அவர் தலையசைத்து மறுக்கிறார். “அது ஏற்கெனவே ரொம்ப உழைக்குது. அதைத் தொடாதே. சும்மா நிக்கிறதை வேலை வாங்கு.”

விறைத்த இடத்தில் சுரண்டி இறங்குகிறது. காகிதத்தைவிட மெல்லிய சுருள்கள் தரையில் உதிர்கின்றன. சில இழுப்புச் சுரண்டல், பிறகு கயிற்றை இருபது முப்பது தடவை இழுத்துவிடுதல். எடுத்த மாற்றம் மரத்தில் ஊற அவ்வளவு வேண்டும். பிறகு மறுபடி பார்வை. கயிற்றில் கோத்த தராசின் முள் முப்பது பவுண்டைத் தொட்டால் நிறுத்திவிடுகிறார். நினைத்த எடைக்கு மேல் ஒருபோதும் இழுப்பதில்லை. இழுத்தால் வயிற்றுப் பக்கம் நசுங்கி, வில் நிரந்தரமாகக் கூனிவிடும். வேலையின் பெரும்பகுதி இந்தப் பார்வைதான். சுரண்டும் நேரத்தைவிட விலகி நின்று பார்க்கும் நேரம் கூட.

மாலைக்குள் இரு கரங்களும் ஒரே வளைவுக்கு வருகின்றன. எந்த இடமும் சும்மா நிற்கவில்லை, எந்த இடமும் தனியே சுமக்கவில்லை. குட்டை நாண் ஏறுகிறது. புறக்கடையில் வைக்கோல் கட்டு. பேத்தி இருபத்தாறு அங்குலம் இழுத்து விடுகிறாள். அம்பு கட்டின் ஓரத்தில் குத்துகிறது. அடுத்தது நடுவுக்குப் பக்கத்தில்.

நாணைக் கழற்றிய பிறகு வில் கொஞ்சம் வளைவை வைத்துக்கொண்டிருக்கிறதா என்று அளக்கிறார். முக்கால் அங்குலம். அவருக்குத் திருப்தி. வயிற்றில், பிடிக்கு மேலே, பேனாவால் எழுதுகிறார்: சிவப்பு ஓக், 68 அங்குலம், 26 அங்குல இழுப்பில் 30 பவுண்டு. கடைப் பலகை என்பதற்காக மரத்தின் பெயரை அவர் மறைக்கவில்லை. அதைத்தான் முதலில் எழுதினார். யூ மரத்தில் செய்த வில்லின் புகழில் பாதி மரத்துக்குப் போய்விடும். இந்த வில்லின் புகழ் முழுவதும், கடையில் கோடு பார்த்த கண்ணுக்கும் கராஜில் அவசரப்படாத கைக்கும் உரியது.